காரீயமும் கந்தகத் திராவகமும்

ஒரு ஓட்டுகூட வாங்காமல் எம்.பி. ஆக முடியுமா? ஆகிக் காட்டினார் ஒருவர். 1717-ல் இங்கிலாந்தில் மார்ல்பரோ என்கிற தொகுதியில் 'ஜெயித்து', பார்லிமென்டில் போய் உட்கார்ந்துவிட்டார் ஜோஷுவா வார்டு என்கிற ஆசாமி. யாரோ புகார் கொடுத்து, விசாரித்துப் பார்த்தால்... அவர் பெயருக்கு ஒற்றை ஓட்டுகூட விழவில்லை! 'ஐயா, நடையைக் கட்டுங்கள்' என்று அனுப்பிவிட்டார்கள். மனிதர் பிரான்ஸுக்குப் போய்விட்டார்.

பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் கையில் மாத்திரை டப்பா இருந்தது. தலைவலியிலிருந்து மூட்டுவலி வரை எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை! அதில் இருந்த முக்கியமான சரக்கு ஆன்டிமணி என்கிற விஷ உலோகம். சாப்பிட்டவர்களில் சிலர் பிழைத்தார்கள், சிலர் போய்ச் சேர்ந்தார்கள். ஆனாலும் வார்டுக்கு யோகம். இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் விரல் சுளுக்கைச் சரிசெய்து அரண்மனைவரை செல்வாக்கு தேடிக்கொண்டார். 'போலி டாக்டர்கள்' என்று கிண்டல் செய்து ஓவியர் ஹோகார்த் 1736-ல் போட்ட படத்தில் இவருக்கும் ஓர் இடம் உண்டு.

இந்த மோசடிப் பேர்வழியைப் பற்றி நமக்கென்ன என்கிறீர்களா? இருக்கிறது. உங்கள் காரில், ஸ்கூட்டரில், வீட்டு இன்வெர்ட்டரில் 'தளக் தளக்' என்று ஆடிக்கொண்டிருக்கிறதே ஒரு திரவம், கந்தகத் திராவகம், அதை மருந்துக்கடைச் சீசாவிலிருந்து வெளியே எடுத்து ஊருக்கே விற்கும் சரக்காக மாற்றியதில் முதல் பெரிய பெயர் இவருடையதுதான்!

*

புளிப்பு என்பது மனிதனுக்கு ஆதியிலிருந்தே தெரிந்த சங்கதி. புளியில் டார்டாரிக் ஆசிட், எலுமிச்சையில் சிட்ரிக் ஆசிட், தயிரில் லாக்டிக் ஆசிட், வினிகரில் அசிட்டிக் ஆசிட். நம் வயிற்றுக்குள்ளேயே ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊறுகிறது. இதை 1824-ல் வில்லியம் ப்ரௌட் என்கிற ஆங்கில டாக்டர் சொன்னபோது, இரும்பைத் தின்னும் சரக்கு குடலுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பலரால் நம்பக்கூட முடியவில்லை.

ஆனால் சமையலறை ஆசிட்டுகள் எல்லாம் சாதுக்கள். செப்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், அதோடு சரி. கந்தகத் திராவகம் அந்த ஜாதி இல்லை. அடர்த்தியான திராவகத்தைச் சர்க்கரையின் மேல் ஊற்றினால், சர்க்கரையில் இருக்கிற தண்ணீர்ச் சத்தையெல்லாம் பிடுங்கிக்கொண்டு, புகை கக்கும் கரிக்கட்டையாக அதைப் பொங்கவைத்துவிடும். பள்ளிக்கூட லேப்களில் பார்த்திருப்பீர்கள். சர்க்கரைக்கு நேர்வது தோலுக்கும் நேரும்.

அந்தக் காலத்து ரசவாதிகள் இதைத் தயாரித்த விதம் எளிமையானது, ஆனால் படுமெதுவானது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் 'அன்னபேதி' என்று கேட்டால் பச்சையாக ஒரு உப்பு தருவார்களே, அதை மண் பாத்திரத்தில் போட்டு மணிக்கணக்கில் சூடேற்றுவார்கள். வருகிற ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய் மாதிரி கெட்டியாகச் சொட்டுச் சொட்டாக விழும். நாள் முழுக்க விறகு எரித்தால் கொஞ்சம் கிடைக்கும். அதனால் அவுன்ஸ் கணக்கில், மருந்து விலையில் விற்றார்கள்.

வார்டு வேறு வழியைப் பெரிய அளவில் பிடித்தார். பெரிய பெரிய கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் கொஞ்சம் தண்ணீர். உள்ளே ஒரு கரண்டியில் கந்தகத்தையும் வெடியுப்பையும் கலந்து கொளுத்தி, வாயை மூடிவிடவேண்டியது. மத்தாப்பு கொளுத்தினால் மூக்கில் ஏறுகிறதே ஒரு நெடி, அந்தப் புகையோடு வெடியுப்பின் ஆவியும் சேர்ந்து தண்ணீரில் கரைந்தால் திராவகம் ரெடி. திரும்பத் திரும்பக் கொளுத்தினால் திராவகம் கெட்டிப்படும்.

1736-ல் லண்டனுக்குப் பக்கத்தில் ட்விக்கன்ஹாமில் ஆரம்பித்தார். 'நாத்தம் தாங்கலை' என்று அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வர, ரிச்மண்டுக்கு இடம் மாற்றினார். நாற்றம் இருந்தால் என்ன, விலை தடாலென்று விழுந்தது. முன்பு ஒரு அவுன்ஸுக்குக் கொடுத்த காசில் இப்போது கிட்டத்தட்ட ஒரு பவுண்டு கிடைத்தது. அதாவது பதினாறில் ஒரு பங்கு விலை!

(அந்த வெடியுப்பு எங்கிருந்து போனது என்கிறீர்கள்? அக்காலத்து இங்கிலாந்துக்கு வெடியுப்பு பெரும்பாலும் பீகாரிலிருந்துதான் கப்பலேறியது. ஏற்றி அனுப்பியது, சாட்சாத் கிழக்கிந்தியக் கம்பெனி!)

*

கண்ணாடிக் குடுவையில் ஒரே ஒரு தொல்லை. உடையும். பெரிதாகச் செய்யவும் முடியாது. இரும்பில் செய்யலாமென்றால் திராவகம் தின்றுவிடும். இந்த இடத்தில் கதைக்குள் வருகிறார் ஜான் ரோபக். எடின்பரோவிலும் லெய்டனிலும் படித்த நிஜ டாக்டர். பர்மிங்ஹாமில் வைத்தியம் பார்த்துக்கொண்டே ரசாயனத்திலும் கைவைத்தவர்.

காரீயத்தைத் திராவகத்தால் தின்ன முடியாது என்பது ரசாயனம் தெரிந்தவர்களுக்கு முன்பே தெரிந்த சேதி. காரணம் சுவாரஸ்யமானது. திராவகம் பட்டதும் ஈயத்தின் மேல் ஒரு மெல்லிய வெள்ளைப் படலம் உண்டாகிறது. அந்தப் படலம் திராவகத்தில் கரையாது. அதுவே கவசமாகி, அடியில் இருக்கிற ஈயத்தைக் காப்பாற்றிவிடுகிறது. (ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே என்று பயந்துவிடாதீர்கள். அது வெள்ளீயம், வேறு உலோகம். இங்கே பேசுவது காரீயம். சொம்பு வாங்கும்போது மட்டும் அது அசல் வெள்ளீயம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

ரோபக் 1746-ல் காரீயத் தகடுகளை ஒட்டி ஆறடிக்கு ஆறடி பெட்டி ஒன்று செய்தார். அதற்குள் கந்தகத்தைக் கொளுத்தினார். உடையாத, எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளக்கூடிய குடுவை! திராவகத்தின் விலை மறுபடியும் கிடுகிடுவென்று இறங்கியது. 1749-ல் ஸ்காட்லாந்தில் ப்ரெஸ்டன்பான்ஸ் என்ற கடற்கரை ஊரில் பெரிய தொழிற்சாலை போட்டார். பேட்டன்ட் எடுத்தால் ரகசியம் வெளியே தெரிந்துவிடும் என்று, எடுக்காமலேயே ஓட்டினார். ரகசியம் எத்தனை நாள் நிற்கும்? கசிந்தது. ஆளாளுக்கு ஈய அறை கட்ட ஆரம்பித்தார்கள். பல வருஷம் கழித்து அவர் பேட்டன்டுக்கு ஓடியபோது காரியம் கைமீறியிருந்தது.

ரோபக் சுரங்கத்தில் பணத்தைப் போட்டார். சுரங்கத்தில் வெள்ளம். தண்ணீரை இறைக்க நல்ல எஞ்சின் வேண்டுமே என்று, கையில் காசில்லாத ஓர் இளைஞனுக்குப் பண உதவி செய்தார். அந்த இளைஞன் ஜேம்ஸ் வாட்! ஆனால் வாட்டின் நீராவி எஞ்சின் ஓடிக் காசு பார்ப்பதற்குள் ரோபக் திவால். எஞ்சினில் அவருக்கிருந்த மூன்றில் இரண்டு பங்கு, கடனுக்காக மாத்யூ போல்டனுக்குப் போனது. போல்டன் உலகப் புகழ் அடைந்தார். ரோபக்கை யாருக்குத் தெரியும்?

ஆனால் அவர் செய்துவைத்த கல்யாணம் நிலைத்தது. காரீயத்துக்கும் கந்தகத் திராவகத்துக்கும்.

*

மலிவான திராவகத்தை யார் வாங்கினார்கள்? துணி வெளுப்பவர்கள்.

அன்றைக்கு ஐரோப்பாவில் லினன் துணியை வெள்ளையாக்குவது பெரும்பாடு. சாம்பல் காரத்தில் வேகவைத்து, புல்வெளியில் விரித்து, வெயிலில் காயவைத்து, பிறகு புளித்த மோரில் நாள்கணக்கில் ஊறவைப்பார்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். மாதக்கணக்கில் ஆகும். ஊர் மாடுகளின் பாலெல்லாம் துணிக்கே போனது.

1756-ல் எடின்பரோ டாக்டர் ஃபிரான்சிஸ் ஹோம், 'மோருக்குப் பதில் தண்ணீரில் கொஞ்சூண்டு கந்தகத் திராவகம் கலந்து பாருங்களேன்' என்றார். துணி ஓட்டையாகிவிடும் என்று எல்லோருக்கும் பயம். அவர் கலந்து காட்டினார். ஓட்டை விழவில்லை. நாள்கணக்கில் ஊறவேண்டிய துணி சில மணி நேரத்தில் ஊறி முடிந்தது. 1799-ல் கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட், பிளீச்சிங் பவுடருக்கு பேட்டன்ட் வாங்கினார். அதற்கு வேண்டிய குளோரின் வாயுவைத் தயாரிக்கவும் இதே திராவகம்தான். புல்வெளி போயிற்று, மோர் போயிற்று, காத்திருப்பும் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியச் சந்தையில் வந்து குவிந்து நம் நெசவாளிகளின் வயிற்றில் அடித்த மான்செஸ்டர் துணி இருக்கிறதே, அதன் பின்னால் நூற்பு எந்திரமும் நீராவியும் இருந்தது எல்லோருக்கும் தெரியும். அதை அவ்வளவு வெள்ளையாக, அவ்வளவு சீக்கிரமாக ஆக்கியதில் திராவகத்தின் கையும் உண்டு.

இன்னொரு பக்கம் மருந்துக் கடைக்காரரான ஸ்வீடன் நாட்டு ஷீலே, எலுமிச்சையிலிருந்து 1784-ல் சிட்ரிக் ஆசிட்டைத் தனியாகப் பிரித்தார். சாற்றில் சுண்ணாம்பைச் சேர்த்துப் படியவைத்து, பிறகு அந்தப் படிவிலிருந்து புளிப்பை விடுவிக்க அவர் ஊற்றியது... ஆமாம், கந்தகத் திராவகமேதான்! சமையலறைச் சாதுவை வெளியே கொண்டுவர இந்த முரடன் வேண்டியிருந்தது.

1842-ல் இங்கிலாந்தின் ஜான் லாஸ், எலும்பு போன்ற பாஸ்பேட் சரக்குகளில் இதே திராவகத்தை ஊற்றி 'சூப்பர் பாஸ்பேட்' உரத்துக்கு பேட்டன்ட் வாங்கினார். 1906-ல் பாரி கம்பெனி நம்ம ராணிப்பேட்டையில் உரத் தொழிற்சாலை ஆரம்பித்தது. இன்று உலகம் வருஷத்துக்கு 25 கோடி டன்னுக்கு மேல் கந்தகத் திராவகம் தயாரிக்கிறது. அதில் பாதியளவு உரத்துக்குத்தான் போகிறது. நாம் சாப்பிடும் சோற்றிலும் இதற்குப் பங்கு உண்டு.

ஒரு நாடு எவ்வளவு செழிப்பு என்று பார்க்கவேண்டுமா, அது எவ்வளவு கந்தகத் திராவகம் செலவழிக்கிறது என்று பார் என்பது ஜெர்மன் ரசாயன மேதை லீபிக் 1840-களில் சொன்ன கருத்து. சரிதான். ஆனால் அந்தக் கணக்குப் புத்தகத்தில் லீபிக் எழுதாமல் விட்ட பக்கமும் ஒன்று உண்டு. திராவகத்தின் விலை குறைந்தபோதெல்லாம், மிச்சக் காசை வேறு யாரோ கொடுத்தார்கள்.

*

முதலில் கொடுத்தவர்கள் அக்கம்பக்கத்தார். சோப்புக்கும் கண்ணாடிக்கும் சோடா வேண்டும். சாதாரண உப்பில் கந்தகத் திராவகத்தை ஊற்றி சோடா தயாரிக்கும் வழியை 1791-ல் கண்டுபிடித்தார் பிரெஞ்சுக்காரர் லெப்லாங். (புரட்சியில் தொழிற்சாலை பறிபோய், கடைசியில் 1806-ல் தற்கொலை செய்துகொண்டார், பாவம்.) இந்த வழியில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வாயு ஏராளமாக வெளியேறும். இங்கிலாந்தில் அதைப் புகைபோக்கி வழியே வானத்தில் விட்டார்கள். தொழிற்சாலைகளைச் சுற்றி மரங்கள் மொட்டையாயின, பயிர்கள் கருகின. 'புகைபோக்கியை உயரமாகக் கட்டினால் சரியாப் போச்சு' என்று 1842-ல் கிளாஸ்கோவில் 430 அடிக்கு மேல் ஒரு புகைபோக்கியைக் கட்டினார்கள். விஷம் இன்னும் கொஞ்சம் தூரத்து ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான் பலன்! 1863-ல் சட்டம் வந்தது. நூற்றுக்கு 95 பங்கு வாயுவைத் தொழிற்சாலைக்குள்ளேயே பிடித்துவைக்க வேண்டும் என்றார்கள். அதைக் கண்காணிக்க வந்த தலைமை இன்ஸ்பெக்டர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித்தான், 1872-ல் 'அமில மழை' என்ற சொல்லை உலகுக்குப் பரப்பினார்.

அடுத்து, முகங்கள். பட்டறையில் கிடைத்த சரக்கு ஆயுதமாக எத்தனை நாளாகும்? 1820-களில் கிளாஸ்கோ பஞ்சாலைத் தகராறுகளில், வேலைநிறுத்தத்தை மீறி வேலைக்குப் போனவர்கள்மேல் திராவகம் வீசப்பட்டது. ஸ்காட்லாந்துக்கென்று தனியாகச் சட்டம் போட்டு, திராவகம் வீசினால் தூக்குவரை தண்டனை என்றார்கள். விலை குறைந்து ஒரு நூற்றாண்டு ஆவதற்குள் இந்த நிலைமை!

மூன்றாவது ஊர் இத்தாலியின் சிசிலித் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்துக்குக் கந்தகம் பெரும்பாலும் அங்கிருந்துதான் போனது. 1838-ல் அந்நாட்டு ராஜா இரண்டாம் பெர்டினாண்டு, கந்தக வியாபாரத்தை மொத்தமாக ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். விலை எகிறியது. இங்கிலாந்து என்ன செய்தது தெரியுமா? போர்க்கப்பல்களை அனுப்பி, கண்ணில் பட்ட அவர்களுடைய கப்பல்களைப் பிடித்து வைத்துக்கொண்டது! ராஜா பணிந்தார். கந்தகத்துக்காக ஒரு யுத்தமே வந்திருக்கும்.

ராஜாக்கள் சண்டை போட்ட அந்தக் கந்தகத்தை யார் தூக்கி வந்தார்கள்? குழந்தைகள். 'கரூசி' என்று அவர்களுக்குப் பெயர். ஏழெட்டு வயதுப் பையன்கள். பாறையை வெட்டும் தொழிலாளி, பையனின் பெற்றோருக்கு ஒரு தொகையை முன்பணமாகக் கொடுப்பான். அதைத் திருப்பிக் கட்டும்வரை பையன் அவனுக்குச் சொந்தம். எந்தக் குடும்பத்தால் கட்ட முடியும்? காற்றில்லாத சூட்டில், கிட்டத்தட்ட அம்மணமாக, செங்குத்தான படிகளில் கந்தகக் கல்லை முதுகில் சுமந்து ஏறவேண்டும். நாளெல்லாம் ஏறவேண்டும். பல பையன்கள் கூன் விழுந்தே வளர்ந்தார்கள். 1881 நவம்பர் 12 அன்று கல்டனிஸெட்டாவுக்குப் பக்கத்தில் ஜெஸோலுங்கோ சுரங்கத்தில் வாயு வெடித்தது. 65 பேர் செத்தார்கள். அதில் 19 பேர் கரூசி. அந்தப் பத்தொன்பதில் ஒன்பது பையன்களுக்குப் பெயரே தெரியவில்லை. பெயர் இல்லாமலேயே புதைத்தார்கள்.

1910-ல் அந்தச் சுரங்கப் பகுதிக்குப் போய்ப் பார்த்தார் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன். அவரே அடிமையாகப் பிறந்தவர். கறுப்பின அடிமைகள் பட்டதற்கு இந்தப் பிள்ளைகள் படுவது குறைந்ததல்ல என்று எழுதினார். அவரைவிடத் தகுதியான சாட்சி வேண்டுமா?

அந்தக் குழந்தைகளுக்கு மெள்ள மெள்ள விடுதலை வந்ததில் கருணைக்கு இருந்த பங்கைவிட ஒரு குழாய்க்கு இருந்த பங்கு பெரிது. 1894-ல் அமெரிக்காவின் லூசியானாவில் ஹெர்மன் ஃபிராஷ் என்கிற எஞ்சினியர், பூமிக்கடியில் கிடந்த கந்தகத்துக்குள் கொதிநிலையைத் தாண்டிய சூட்டில் தண்ணீரைச் செலுத்தினார். கந்தகம் சுமார் 115 டிகிரியில் உருகிவிடும். உருகியதை எண்ணெய் மாதிரி மேலே இறைத்துவிட்டார். சுரங்கமும் வேண்டாம், சுமக்கிற முதுகும் வேண்டாம். சிசிலியின் வியாபாரம் படுத்தது. இன்று கந்தகத்தைத் தேடித் தோண்டவேண்டியதுகூட இல்லை. பெட்ரோல், டீசல், எரிவாயு சுத்திகரிப்பில் கழித்துக் கட்டும் கந்தகமே மலையாகக் குவிகிறது.

*

இதற்கிடையே பாரீஸில் நம் தம்பதிக்கு மறுவாழ்வு கிடைத்திருந்தது.

கஸ்தோன் பிளான்டே ஒரு விசித்திரமான இளைஞர். இருபத்தோரு வயதில், 1855-ல், பாரீஸ் பக்கத்தில் மண்ணுக்கடியிலிருந்து ஒரு ராட்சசப் பறவையின் எலும்பைக் கண்டெடுத்தார். 'காஸ்டோர்னிஸ்' என்று பறவைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆனால் அவருடைய மனசு மின்சாரத்தில் இருந்தது. 1859-ல் இரண்டு காரீயத் தகடுகளை, நடுவில் ஒன்றையொன்று தொடாதபடி தடுப்பு வைத்து, பாய் மாதிரிச் சுருட்டி, கந்தகத் திராவகத்தில் முக்கினார். மின்சாரம் கொடுத்தார். பிறகு அது திருப்பிக் கொடுத்தது! தீர்ந்தால் மறுபடி நிரப்பலாம். அதுவரை இருந்த பேட்டரிகளெல்லாம் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

ஈயத்தைக் காப்பாற்றியதே ஒரு வெள்ளைப் படலம், ஞாபகம் இருக்கிறதா? அதே படலம்தான் இங்கே கதாநாயகன். பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது, திராவகத்திலுள்ள சத்து இரண்டு தகடுகளிலும் போய் அந்தப் படலமாக ஒட்டிக்கொள்கிறது. திராவகம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் போட்டால் படலம் கரைந்து மறுபடி திராவகமாகிறது. அதனால்தான் மெக்கானிக் ஒரு கண்ணாடிக் குழாயை விட்டு அடர்த்தி பார்த்தே, 'சார், சார்ஜ் இல்லை' என்று சொல்லிவிடுகிறார். அவரே சில சமயம், 'ஆசிட் குறைஞ்சிருக்கு, ஊத்தணும்' என்பார். ஊற்ற விடாதீர்கள்! குறைவது பெரும்பாலும் தண்ணீர்தான். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் போதும்.

பிளான்டே காலத்தில் ஒரே ஒரு வேடிக்கை. டைனமோ இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. எனவே அந்தப் பேட்டரியைச் சார்ஜ் செய்ய இன்னொரு ரகப் பேட்டரி வேண்டும்! 1881-ல் கமீல் ஃபோர் ஈயப் பசையைத் தகட்டில் பூசி அதன் கொள்ளளவைக் கூட்டினார். அந்த வருஷமே பாரீஸிலிருந்து கிளாஸ்கோவுக்கு, கெல்வின் பிரபு என்று பின்னால் பெயர்பெற்ற வில்லியம் தாம்சனுக்கு, சார்ஜ் ஏற்றிய பேட்டரிகளைப் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். மின்சாரம் பார்சலில் வந்து இறங்கிய அதிசயத்தை அவர் பத்திரிகைக்கே எழுதினார். 1899-ல் காமில் ஜெனாட்சி ஓட்டி, முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய கார், பெட்ரோல் கார் இல்லை. ஈயத் திராவக பேட்டரியில் ஓடிய எலெக்ட்ரிக் கார்!

பிறகு பெட்ரோல் ஜெயித்தது. பேட்டரிக்கு வேலை போகவில்லை. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, அது எகிறி அடித்து, மணிக்கட்டு ஒடிந்த காலம் அது. 1912-ல் கேடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங்கின் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்தது. அதோடு ஒவ்வொரு காருக்குள்ளும் ஒரு ஈயப் பெட்டி குடியேறியது. நம் ஊரில் அது வீட்டுக்குள்ளேயே வந்தது. 2008-லிருந்து நாலைந்து வருஷம் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டில், ஹாலின் மூலையில் இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கி வைக்காத நடுத்தரக் குடும்பம் எத்தனை?

*

ஒரு பேட்டரி நாலைந்து வருஷம் உழைக்கும். அப்புறம்?

அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். உலகம் இன்று பயன்படுத்தும் ஈயத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பேட்டரிக்குத்தான் போகிறது. பழைய பேட்டரியைக் காயலான் கடைக்காரர் நல்ல விலைக்கு எடுப்பது அதனால்தான். முறையான ஆலையில் உருக்கினால், கிட்டத்தட்ட முழு ஈயத்தையும் மீட்டுப் புதுப் பேட்டரி செய்யலாம். உலகிலேயே மிக நன்றாக மறுசுழற்சி ஆகும் பொருள்களில் இதுவும் ஒன்று. முறைகேடாக என்றால்? கோடாலியால் பிளந்து, திராவகத்தைச் சாக்கடையில் கொட்டி, தகட்டை வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டி உருக்குவார்கள். ஈயப் புகையும் ஈயத் தூசியும் தெருவில் படியும்.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகர் டக்காரின் ஓரத்தில் தியாரோய் என்று ஒரு குடியிருப்பு. அங்கே வருஷக்கணக்கில் பழைய பேட்டரிகளை உடைத்து வந்தார்கள். மண்ணிலேயே ஈயம் ஊறிக் கிடந்தது. அந்த மண்ணுக்கும் விலை வந்தது. மக்கள் அதை வாரிச் சலித்து, மூட்டை கட்டி வீட்டுக்குள் வைத்தார்கள். பிள்ளைகள் அந்த மூட்டைகளின் பக்கத்தில் விளையாடினார்கள், தூங்கினார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்துபோயின. எல்லாம் சின்னஞ்சிறு குழந்தைகள். உலக சுகாதார நிறுவனம் வந்து ஆராய்ந்து சொன்ன காரணம், ஈய விஷம்.

'அது ஆப்பிரிக்கா' என்று சொல்லிவிட முடியாது. யூனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, அதாவது சுமார் 80 கோடிப் பேருக்கு, ரத்தத்தில் ஈயம் அளவுக்கு மேல் இருக்கிறது. அவர்களில் சுமார் 27.5 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். பெயின்ட், மசாலா கலப்படம், பாத்திரம் என்று பல காரணங்கள் உண்டு. முறைகேடான பேட்டரி உருக்கலும் அவற்றில் முக்கியமானது. ஈயம் உடம்புக்குள் போனால் கால்சியம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு எலும்பிலும் மூளையிலும் நுழையும். பையனுக்குக் கணக்கு வரவில்லை, கவனம் நிற்கவில்லை என்பார்கள். வாத்தியாரும் அடிப்பார். காரணம் கொல்லைப்புறத்து அடுப்பில் இருக்கும். இந்த அளவுவரை ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சட்டம் இல்லாமல் இல்லை. பழைய பேட்டரியை விற்பவரே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று 2001-லேயே இந்தியாவில் விதி வந்தது. 2022-ல் வந்த புது விதிகள், தயாரிக்கும் கம்பெனியின் தலையிலேயே பொறுப்பை வைத்தன. ஆனால் காயலான் கடையில் நூறு, இருநூறு கூடக் கிடைக்கும் என்றால் நம் கை எங்கே போகிறது? அந்தக் கூடுதல் ரூபாய் எப்படிக் கட்டுப்படியாகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும். புகையைப் பிடிக்கும் செலவு இல்லை, திராவகத்தைச் சுத்தம் செய்யும் செலவு இல்லை, கையுறை இல்லை, முகமூடி இல்லை. மிச்சம் பிடித்ததில்தான் நமக்கு இருநூறு! அடுத்த தடவை பேட்டரி மாற்றும்போது, பழையதைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்து, பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.

திராவகத்தின் கதையும் அப்படியே. கிளாஸ்கோவில் 1820-களில் பார்த்ததை நாம் 1992-ல் சென்னையில் பார்த்தோம், ஐ.ஏ.எஸ். அதிகாரி சந்திரலேகாவின் மேல் ஆசிட் வீசப்பட்டபோது. அதன் பிறகும் எத்தனையோ பெண்கள். தில்லியில் பதினைந்து வயதில் தாக்கப்பட்ட லட்சுமி தொடுத்த வழக்கில், 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் கட்டுப்பாடு விதித்தது. அடையாள அட்டை காட்டாதவருக்கு ஆசிட் விற்கக் கூடாது, பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் கூடவே கூடாது, யாருக்கு எதற்கு விற்றோம் என்று நோட்டுப் போட்டு எழுத வேண்டும். தண்டனைச் சட்டத்திலும் அந்த வருஷமே ஆசிட் வீச்சுக்குத் தனிப் பிரிவு வந்தது. எந்தத் தெருக்கோடிக் கடையில் அந்த நோட்டு இருக்கிறது என்று நீங்களே போய்ப் பார்க்கலாம்.

ஒரு ஓட்டும் வாங்காத எம்.பி.யின் குடுவையில் ஆரம்பித்து, உடுப்பு, உரம், கார், இன்வெர்ட்டர் என்று இந்தத் திராவகம் தொடாத பொருளே நம் வீட்டில் இல்லை. அது இல்லாமல் வாழ முடியாது. அதை வெறுக்கவும் வேண்டாம். காரீயத்தை அதனால் தின்ன முடியாது என்பதை ரோபக் பயன்படுத்திக்கொண்டார். அதற்கப்புறம் அது தின்றதெல்லாம், பெயர்கூட எழுதிவைக்காமல் புதைக்கப்பட்ட பையன்களைத்தான். அந்தப் பட்டியலை நீட்டாமல் இருப்பது, பழைய பேட்டரியை யார் கையில் கொடுக்கிறோம் என்பதில் ஆரம்பிக்கிறது.